``லைன்லயே இரும்மா... ரோடு கிராஸ் பண்றேன்!" - ஒரகடத்தில் என் பேக்கைப் பிடித்து இழுத்த கை

போன நவம்பரில் ஒரு மழை ராத்திரி. மணி பத்தே கால் இருக்கும். தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக வந்த பஸ் என்னை ஒரகடத்தில் இறக்கிவிட்டுப் போனது. தோளில் பேக். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கட்டை விரல்களாலும் போனில் டைப் செய்தபடியே ரோட்டில் இறங்கினேன்.

அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். நான் டிஜிட்டல் டெஸ்க் ரிப்போர்ட்டர். உங்கள் போனில் `டிங்' என்று வந்து விழும் நோட்டிஃபிகேஷன்களை எழுதுவதும் என் வேலைதான். மழைக்காலத்தில் எங்கள் டெஸ்க்கின் சூப்பர் ஸ்டார் செய்தி ஒன்றே ஒன்று: `நாளை எந்தெந்த மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை?' அன்று மாலை நான் போட்டுவிட்டு வந்த பட்டியலில் செங்கல்பட்டு விட்டுப்போயிருந்தது. டெஸ்க் வாட்ஸ்அப் குரூப்பில் `செங்கல்பட்டு எங்கே?' என்று ஒரு மெசேஜ். அதைத் திருத்தத்தான் நடந்துகொண்டே டைப் செய்தேன். நடுரோட்டில் நின்று திருத்தச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

திடீரென்று பேக் பின்னால் இழுபட்டது. குடை பறந்தது. தடுமாறி, பின்னால் நின்ற ஓர் அம்மா மேல் போய் மோதினேன். ஒரு கை தூரத்தில், புத்தம் புதிய கார்களை ஏற்றிய நீளமான டிரெய்லரின் பின்சக்கரங்கள், ஒரு நொடிக்கு முன்பு நான் நின்ற இடத்தின் மேல் தண்ணீரை வாரி அடித்தபடி உருண்டு போயின.

அந்த வண்டியின் முன்பக்கம் என்னைத் தாண்டித் திரும்பியதை நான் ஓரக்கண்ணால் பார்த்திருந்தேன். `லாரி போயிடுச்சு' என்று மனசு முடிவு செய்துவிட்டது. போனது அதன் தலை மட்டும்தான். உடம்பு இன்னும் வந்துகொண்டிருந்தது.

``ஏம்மா, கண்ணை எங்க வச்சிக்கினு நடக்கற? அப்பிடி யாருக்கு உசுரு போவுது போன்ல?"

``இல்லக்கா... ஸ்கூல் லீவு..."

``உனக்கு ஸ்கூல் போற வயசா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த அக்கா ஹவுஸ்கீப்பிங் யூனிஃபார்மில் இருந்தார். நைட் ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி வேனுக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, பக்கத்து டீக்கடைக்கு இழுத்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். பாதி டீயைத் தரையில் சிந்திவிட்டு மீதியைக் குடித்தேன்.

``எங்க தங்கச்சி பொண்ணு, பத்தொம்பது வயசு பாப்பா. பிளஸ் டூ முடிச்சிட்டு கம்பெனியில சேர்ந்து ஒரு மாசம்தான் ஆச்சு. ஷிஃப்ட் முடிஞ்சி வெளிய வரா, கையில போனு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், பிரேக்கும் அடிச்சான். அவர் மேல தப்பு இல்லன்னு இவளேதான் போலீஸ்ல சொன்னா. உசுரு பொழச்சிடுச்சு. எடது காலு முட்டிக்குக் கீழ இல்ல."

என்ன சொல்வது என்று தெரியவில்லை. ரிப்போர்ட்டர் புத்தி மட்டும் கேட்டது. ``போன்ல என்ன பார்த்துட்டு வந்தாங்களாம்?"

``சம்பளம் ஏறிடுச்சுன்னு பேங்க்லேர்ந்து மெசேஜ். மொத சம்பளம்."

வேன் வந்தது. டிபன் பையை எடுத்துக்கொண்டு ஓடியவர், படியில் நின்று திரும்பிக் கத்தினார். ``போனை உள்ள வை. அப்பறமா நட!"

வீட்டுக்குப் போய்த்தான் போனைப் பார்த்தேன். 10.17-க்கே குரூப்பில் யாரோ பதில் போட்டிருந்தார்கள். `செங்கல்பட்டு சேர்த்தாச்சு.'

போன் செய்யும் ஊர்

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோவில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்ளும் இடம்தான் ஒரகடம். கார், லாரி, பைக், டயர் என்று சக்கரத்தோடு சம்பந்தப்பட்ட எல்லாமே இங்கே தயாராகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக இருக்கின்றன.

இன்னொரு பக்கம், இது போன் செய்யும் ஊர். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. அந்த பட்டன் போனைக் கையில் வைத்திருந்த பலருக்கு, அது நம் ஸ்ரீபெரும்புதூரில் செய்தது என்று தெரிந்திருக்காது. 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று பக்கத்திலேயே சுங்குவார்சத்திரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில், யாரோ ஒருவர் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடக்கும் அந்தப் போனை, எங்கள் பக்கத்துத் தெருப் பெண்ணின் விரல்கள் தொட்டிருக்கலாம்.

இந்த வேலைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். அதிலும் இருபதைத் தொட்டும் தொடாத வயது. வெளியூர்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள். 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம் என்றால் கூட்டத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை, இந்தக் கூட்டம் கேட்டுக்கு வெளியே வருகிறது. அதே ரோட்டில்தான் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களும், கார் ஏற்றிய டிரெய்லர்களும், நூற்றுக்கணக்கான கம்பெனி பஸ்களும் ஓடுகின்றன.

சித்தி சொன்ன கணக்கு

டிரெய்லர் சம்பவத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. சித்தியிடம் சொன்னேன். எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் ஏழெட்டு வருஷம் லைனில் நின்றவர் அவர். `இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எந்நேரமும் போன்' என்று திட்டுவார் என எதிர்பார்த்தேன்.

``எந்நேரமும் போன் எங்கடி இருக்கு எங்ககிட்ட?" என்றார். ``உள்ள போறப்பவே போனை லாக்கர்ல வச்சிடணும். எட்டு மணி நேரம் யாரு கூப்பிட்டாலும் தெரியாது. உங்க தாத்தாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப எனக்கு இருபது மிஸ்டு கால். ஷிஃப்ட் முடிஞ்சி போனை ஆன் பண்ணா, வரிசையா டிங் டிங் டிங்னு வருது. அதைப் பார்க்காம நடக்க முடியுமா? பஸ்ஸு வேற ஒரு பக்கம் ஹாரன் அடிக்கிறான். லேட்டானா சீட் கிடைக்காது. நான் படிச்சிக்கிட்டே ஓடினேன்."

நான் இதுவரை யோசித்திராத கோணம் இது. சென்னையில் ஆபீஸ் போகும் எனக்கு, போன் நாள் முழுக்க மேசையிலேயே கிடக்கிறது. ரோட்டில் அதைப் பார்க்க எனக்கு ஒரு நியாயமும் இல்லை. உற்பத்தி ரகசியம், தரம், பாதுகாப்பு என்று பல காரணங்களுக்காக லைனில் போன் வைத்துக்கொள்ள முடியாத ஒரு பெண்ணுக்கு அப்படி இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, அப்பா மாத்திரை போட்டாரா, சீட்டுப் பணம் கட்டியாச்சா, கோபித்துக்கொண்டு போனவன் சமாதானம் ஆனானா... எட்டு மணி நேர வாழ்க்கை மொத்தமும் கேட்டைத் தாண்டிய முதல் ஐந்து நிமிடத்தில் வந்து கொட்டுகிறது. அவர்களுடைய ஒரு நாளில் மிக ஆபத்தான ரோட்டைக் கடக்க வேண்டிய ஐந்து நிமிடமும் அதேதான்.

அந்த ஐந்து நிமிடத்தில் வந்து விழும் `டிங்'களில் சில நான் அனுப்புபவை. வாசகர்கள் எந்நேரத்தில் போனை எடுக்கிறார்கள் என்று பார்த்து, அந்த நேரத்துக்குத்தான் நோட்டிஃபிகேஷன் போடுவோம். எங்கள் தொழிலில் அது பாலபாடம். அந்த வரைபடத்தில் மேலே ஏறும் கோட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனி கேட்டும், ஒரு ரோடும் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

``பேசவே இல்லக்கா!"

அடுத்த வார லீவு நாளில், இரவு பத்து மணி ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு ரோட்டோரம் போய் நின்றேன். தலை குனிந்து நடப்பவர்களை எண்ண ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டேன். அத்தனை பேர்.

கவனித்துப் பார்த்தபோது எல்லோரும் ரீல்ஸ் பார்க்கவில்லை என்பது புரிந்தது. ஒரு வடமாநிலத் தம்பி வீடியோ காலில் இருந்தார். தன் முகத்தைக் காட்டிவிட்டு, போனைத் திருப்பி ரோட்டையும் லாரியையும் காட்டினார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை கைதட்டிச் சிரித்தது. தெருவிளக்கு எரியாத ஓர் இடத்தில், நான்கைந்து பெண்கள் போனின் டார்ச்சைக் காலுக்குக் கீழே அடித்தபடி பள்ளம் பார்த்து நடந்தார்கள். அந்த இருட்டில் அவர்களை லாரிக்காரருக்குக் காட்டிய ஒரே வெளிச்சமும் அந்த போன்தான்.

ஒரு பெண் தனியாக, போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே வேகமாகக் கடந்து வந்தாள். அருகே போய், ``ரிப்போர்ட்டர்மா நான்... இப்படிப் பேசிட்டே கிராஸ் பண்றீங்களே, பயமா இல்லையா?" என்றேன்.

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். திரை கறுப்பாக இருந்தது.

``பேசவே இல்லக்கா. சும்மா காதுல வச்சிருக்கேன். அங்க ரெண்டு பேரு பைக்ல நிக்கிறாங்க பாருங்க. போன் பேசிட்டுப் போனா கிட்ட வர மாட்டாங்க."

கேள்வி கேட்கப் போன எனக்கு வெட்கமாகிவிட்டது. இருட்டில் தனியாக நடக்கும் எத்தனையோ பெண்கள் செய்வதுதான் இது. நானும் செய்திருக்கிறேன். `பஸ் ஸ்டாப் தாண்டிட்டேன்', `கோயில்கிட்ட வந்துட்டேன்' என்று அம்மாவை லைனில் வைத்துக்கொண்டே வீட்டு வாசல் வரை வந்திருக்கிறேன். எங்களுக்கு அது கைத்தடி மாதிரி. இவர்களிடம் போய் `போனைத் தூக்கிப் போட்டுட்டு நட' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் ஆபத்து குறைந்துவிடுமா? குறையாது. காதலனோடு பேசினாலும், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையோடு பேசினாலும், கவனம் சிதறுவது ஒரே மாதிரிதான்.

கோமாளியைப் பார்த்தீர்களா?

அமெரிக்காவில் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஐரா ஹைமனும் அவருடைய மாணவர்களும் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். 2009-ல் வெளியான ஆய்வு அது. கல்லூரி வளாகத்தில், பளிச்சென்ற கலரில் உடையும் சிவப்பு மூக்கும் மாட்டிய ஒரு கோமாளி, ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றிச் சுற்றி வந்தார். அந்த வழியாக நடந்து போனவர்களை நிறுத்தி, `கோமாளியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டார்கள். போன் இல்லாமல் தனியாக நடந்தவர்களில் பாதிப் பேர் பார்த்திருந்தார்கள். போனில் பேசியபடி நடந்தவர்களில் நான்கில் ஒருவர்தான் பார்த்திருந்தார். மற்ற மூன்று பேருக்கும் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கோமாளி தெரியவில்லை.

எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொரு தகவல். இரண்டு பேராகப் பேசிக்கொண்டே நடந்தவர்களில் 71 சதவிகிதம் பேர் கோமாளியைக் கவனித்திருந்தார்கள். அவர்களும் பேசிக்கொண்டுதானே போனார்கள்? பக்கத்தில் நடக்கும் தோழிக்கும் இரண்டு கண்கள் இருக்கின்றன. லாரி வந்தால் அவள் பேச்சை நிறுத்துவாள், கையைப் பிடித்து இழுப்பாள். லைனில் இருக்கும் அம்மாவுக்கு லாரி தெரியாது. நாம் நடுரோட்டில் நிற்கும்போது, `சாம்பார்ல உப்பு தூக்கலாப் போச்சுடி' என்று அவர் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரு சின்னக் கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி, ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கும். `சம்பளம் ஏறியாச்சு' மெசேஜைப் படித்து, மீதித் தொகையைப் பார்க்க மூன்று விநாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் லாரி 50 மீட்டர் வந்துவிடும். இரண்டு லேன் ரோட்டைக் கடக்க நமக்குச் சாதாரணமாக ஆறு விநாடி வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே போனால் நடை இன்னும் மெதுவாகும். தூரத்தில் குட்டியாகத் தெரிந்த விளக்கு பக்கத்தில் வந்து நிற்கும். மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தால், பிரேக் பிடித்தாலும் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு வரும்.

எங்கள் தெருவில் டிரெய்லர் ஓட்டும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். அன்று எனக்கு நடந்ததைச் சொன்னதும், டீ கிளாஸையும் தீப்பெட்டியையும் வைத்து விளக்கினார்.

``நான் லெஃப்ட்ல திரும்பறப்ப முன்வீலு போன வழியில பின்வீலு வராது தங்கச்சி. உள்பக்கமா வெட்டிக்கினு வரும். வண்டி நீளம் ஆக ஆக வெட்டும் ஜாஸ்தி. முன்னாடி போயிட்டான்னு நீ காலை எடுத்து வச்சா, நேரா பின்வீலுக்குத்தான் வர. அப்பறம் கேபினுக்கு நேர் கீழ ஒட்டி நிக்கிறவங்க எனக்குத் தெரியவே மாட்டாங்க. உயரம் அப்படி."

இன்னொன்றும் சொன்னார். ``ரோட்டோரம் நிக்கிறவங்க என்னைப் பார்த்துட்டாங்கன்னா எனக்கு நிம்மதி. கண்ணும் கண்ணும் பார்த்துக்கிட்டா, நிப்பாங்க, வர மாட்டாங்கன்னு தெரிஞ்சிடும். போனைப் பார்க்கிறவங்க நிக்கப் போறாங்களா, இறங்கப் போறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கடப்பதற்கு முன் டிரைவரின் கண்ணைப் பார்ப்பது என்பது, பேச்சில்லாமல் நாம் போட்டுக்கொள்ளும் ஓர் ஒப்பந்தம். எத்தனையோ வருஷமாக அந்த ஒப்பந்தத்தை நம்பித்தான் சிக்னல் இல்லாத ரோடுகளை நம் ஊரில் கடந்து வருகிறோம்.

நின்று பார்க்க இடம் வேண்டாமா?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் மட்டும் 32,825 பேர். அதாவது, ஐந்தில் ஒருவர். அந்த ஆண்டு எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105 விபத்துகள்.

இவ்வளவு பேரும் போனைப் பார்த்ததால் இறந்தார்கள் என்று சொன்னால் அது அபாண்டம். வேகம், நடைபாதை இல்லாத ரோடு, எரியாத விளக்கு, நினைத்த இடத்தில் நிற்கும் பஸ், ஒரு கிலோமீட்டர் சுற்றினால்தான் கிடைக்கும் கிராஸிங்... காரணங்கள் நிறைய. தலையை நிமிர்த்தி, நான்கு பக்கமும் பார்த்து நடந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். போன் செய்வதெல்லாம், நமக்குக் கிடைத்த ஒரு கடைசி வாய்ப்பையும் பிடுங்கிவிடுவதுதான். ரோடு சரியில்லாத ஊரில், நம்மைக் காப்பாற்ற நம் கண்ணையும் காதையும் தவிர வேறு என்ன இருக்கிறது?

வெளிநாடுகளில் இதற்கு என்னென்னவோ செய்து பார்க்கிறார்கள். போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டைக் கடந்தால் 15 டாலரில் தொடங்கி அபராதம் என்று அமெரிக்காவின் ஹோனலூலு நகரம் 2017 அக்டோபரில் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில், குனிந்த தலைகளுக்குத் தெரியட்டும் என்று 2016-ல் தரையிலேயே சிவப்பு விளக்குகளைப் பதித்தார்கள்.

எனக்குப் பிடித்தது ஜப்பானின் யமாத்தோ நகரம். 2020 ஜூலை 1 முதல், நடந்துகொண்டே போன் பார்க்கக் கூடாது என்று அங்கே விதி. மீறினால் அபராதம் கிடையாது, தண்டனை கிடையாது. `போன் பார்க்க வேண்டுமா, மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, பிறகு நட' என்பதுதான் அதன் சாரம். அந்த ஹவுஸ்கீப்பிங் அக்கா வேன் படியில் நின்று கத்தியதும் ஏறக்குறைய அதையேதான்!

ஆனால் ஓரமாக நிற்க ஓரம் வேண்டும். கேட்டுக்கு வெளியே, வெளிச்சமாக, கூரை போட்டு, நான்கு பெஞ்ச் போட்ட ஓர் இடம். வெளியே வருபவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து மெசேஜைப் படித்து, வீட்டுக்குப் பேசிவிட்டுக் கிளம்பலாம். பஸ்ஸும் அந்தப் பத்து நிமிடம் பொறுத்துக் கிளம்ப வேண்டும். கம்பெனிகள் மனது வைத்தால் ஒரு ஷெட் போடுவது பெரிய செலவில்லை. சித்தியிடம் சொன்னேன். ``அப்படி ஒண்ணு இருந்திருந்தா, நான் அந்த இருபது மிஸ்டு காலை உட்கார்ந்து பார்த்திருப்பேன்" என்றார்.

இப்போது நான் என்ன செய்கிறேன்?

ஆபீஸில் இந்தக் கதையைச் சொல்லி, ``ராத்திரி பத்து மணி நோட்டிஃபிகேஷனைக் கொஞ்சம் தள்ளி அனுப்பலாமா?" என்று கேட்டேன். சீனியர் ஒருவர் சிரித்தார். ``நாம அனுப்பலைன்னா இன்னொருத்தர் அனுப்புவாங்க. பேங்க் மெசேஜை யார் நிறுத்துறது?" அவர் சொன்னது சரிதான். என்னிடம் பதில் இல்லை. இன்றும் இரவு நேரத்தில் `அனுப்பு' பட்டனை அழுத்தும்போதெல்லாம், மழையில் உருண்டு போன அந்தப் பின்சக்கரங்கள் ஒரு நொடி கண்ணில் வந்து போகின்றன. அவசரம் இல்லாத செய்தியாக இருந்தால், காலைக்குத் தள்ளி வைக்கிறேன். என் கையில் இருப்பது அவ்வளவுதான்.

எனக்கு நானே சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். பஸ் படப்பையைத் தாண்டியதும் ஆபீஸ் குரூப்பைப் பார்த்து முடித்துவிடுவேன். இறங்கியதும் நடக்க மாட்டேன். டீக்கடை வெளிச்சத்தில் நின்று பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு, போனைப் பேக்கின் உள் ஜிப்பில் போடுவேன். பேன்ட் பாக்கெட்டில் இருந்தால் கை தானாகப் போய்விடுகிறது. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டுவதை நிறுத்திவிட்டேன். டிரெய்லர் திரும்பினால், அதன் கடைசி சக்கரம் போகும் வரை ஓரடி பின்னால் நிற்கிறேன்.

போனைக் காதில் வைத்து நடந்த அந்தப் பெண்ணை மறக்க முடியவில்லை. அவளுக்கும் சேர்த்து, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு வந்திருக்கிறது. இருட்டான இடத்தில் பேசிக்கொண்டே நடப்பேன். ரோடு வந்ததும், ``லைன்லயே இரும்மா, ரோடு கிராஸ் பண்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதிலிருந்து எடுத்துக் கையைக் கீழே தொங்கவிட்டுவிடுவேன். இணைப்பு அப்படியே இருக்கும், பேச்சு மட்டும் நிற்கும். இரண்டு பக்கமும் பார்த்து, வருகிற டிரைவரின் முகத்தைப் பார்த்துக் கடந்த பிறகுதான் மறுபடி காதுக்குப் போகும். முதல் வாரம் அம்மா, ``என்னடி இது புதுசா?" என்றார். அப்போதுதான் டிரெய்லர் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து அவரே கேட்கிறார். ``ரோடு வந்துடுச்சா? சரி, நான் வாயை மூடிக்கிறேன்."

டீக்கடையில் அந்த அக்காவை மறுபடி ஒருமுறை பார்த்தேன். ``தங்கச்சி பொண்ணு எப்படி இருக்காங்க?" என்றேன். செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறார்களாம். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாளாம்.

``யாருகிட்ட தையல் கத்துக்கிட்டாங்க?"

``போன்லதான். வீடியோ பார்த்துப் பார்த்து, ஜாக்கெட்டெல்லாம் தைக்கிறா. அதே போனு."

``அதே போனா?"

``ஆமா. அது மேல ஒரு கீறல்கூட விழல."

இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களிடம் கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்? கட்டிலிலா, பஸ் சீட்டிலா, கேன்டீனிலா? நல்லது. ஒருவேளை நடந்துகொண்டே படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து இங்கேயே நில்லுங்கள். இந்தக் கட்டுரையும் எங்கேயும் போகாது, சம்பள மெசேஜும் எங்கேயும் போகாது.

நேற்று ராத்திரிகூட ஒரகடத்தில் இறங்கினேன். ``லைன்லயே இரும்மா" என்று சொல்லிவிட்டுக் கையைக் கீழே விட்டேன். ஒரு கன்டெய்னர், பின்னாலேயே இரண்டு கம்பெனி பஸ், ஒரு டிரெய்லர். எல்லாம் போகும் வரை நின்றேன். கடந்து முடித்துப் போனைக் காதில் வைத்தபோது, அந்தப் பக்கம் அம்மா மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

``வந்துட்டியா?"

``வந்துட்டேம்மா."

``சரி, சொல்லு. சாப்பிட என்ன பண்ணட்டும்?"